படமே பார்க்காத ரசிகர்

"கொலைன்னா சொல்லுங்க அண்ணி, ஷூ போட்டுக்கறேன். திருட்டுன்னா செருப்பே போதும்" என்றான் சில்லறை.

"வெப்சைட்" என்றாள் அண்ணி, கைப்பையின் ஜிப்பை இழுத்தபடி.

"அதுக்கு வெறுங்காலே போதுமே!"

ஆனாலும் ஷூ போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். வாய் ஓயாமல் கலகலத்துக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவனுக்கு விழுந்த பெயர் சில்லறை. அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவள் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் அவன் உதவியாளர், ஓட்டுநர், ஆபத்துக்கு வாடிக்கையாளர். அதாவது, யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால், காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து பெரிய கவலை உள்ளவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தொழில் ஓஹோவென்று நடப்பதாகத் தெரியுமாம்.

மகிழ்ச்சி ஆய்வு மையம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் தலைவரின் படம். வரவேற்பறையில் தலைவரின் படம். படிக்கட்டு திரும்பும் இடத்திலெல்லாம் தலைவரின் படம். ஒன்றில் கன்னத்தில் கை வைத்துச் சிந்திக்கிறார், அடுத்ததில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சிந்திக்கிறார், அதற்கடுத்ததில் தொலைவில் எதையோ பார்த்துச் சிந்திக்கிறார்.

"இவ்வளவு சிந்திச்சும் ஒரு லிஃப்ட் வைக்கணும்னு தோணலை பாருங்க" என்றான் சில்லறை, மூச்சு வாங்க.

"மெதுவா பேசு."

மெதுவாகத்தான் பேச வேண்டியிருந்தது. வழியெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஊழியர்கள் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இழவு வீட்டில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பு இருக்கும். மகிழ்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைக் கையால் தொடக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதோ என்னவோ.

தலைவரின் அறை மூன்றாம் மாடியில். மேசைக்குப் பின்னால் அவர்; அவருக்குப் பின்னால் அவர் வாங்கிய கேடயங்கள். 'மகிழ்வது எப்படி' என்று மூன்று தொகுதிகள் எழுதியவர். எழுதிய களைப்பில் சொந்த முகத்தில் அதைச் செய்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை போலும். பேச்சும் மேடைப் பேச்சுதான். எதிரே ஒலிபெருக்கி இல்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

"அமருங்கள். நம்மை ஒருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

சில்லறை திரும்பிப் பார்த்தான். சுவரில் இருந்த அத்தனை தலைவர்களும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே அல்ல. இணையத்தில்!" என்று தலைவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மையத்தின் வலைப்பக்கம். மேலே கொட்டை எழுத்தில் மையத்தின் பெயர். அதன் கீழே ஒரே ஒரு வரி: 'தலைவர் இப்போது: அலுவலகத்தில்.' அதற்குக் கீழே படங்கள், படங்கள், படங்கள். வெகு தூரம் கீழே இறங்கினால் சிந்தனைகள்.

"இந்த வரி எதுக்கு சார்?" என்று கேட்டாள் அண்ணி.

"உலகம் கேட்கும் அல்லவா, தலைவர் இப்போது எங்கே என்று? அதற்கு விடை வேண்டாமா? நாமே நம் கைபேசியில் மாற்றுகிறோம். வேறு யாரையும் தொட விடுவதில்லை. காலையில் காரில் ஏறியதுமே 'அலுவலகத்தில்' என்று போட்டுவிடுவோம். மாடியிலிருந்து இறங்கி ஊழியர்களைப் பார்க்கப் போகும்போது 'மக்களிடையே.' மாலையில் 'புறப்பட்டுவிட்டார்.'"

"பாத்ரூம் போனா?" என்றான் சில்லறை.

அண்ணியின் செருப்பு அவன் ஷூவின் மேல் ஏறி இறங்கியது. ஷூ போட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

விஷயம் இதுதான். வலைப்பக்கத்தைப் பராமரிக்கும் கம்பெனி ஒரு தகவல் சொல்லியிருந்தது. யாரோ ஒருவர் இந்தக் கட்டடத்துக்குள்ளிருந்தே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார். காலை முதல் மாலை வரை, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, அலுக்காமல், சலிக்காமல். தலைவர் முதலில் பூரித்துப்போனார். பிறகு பூரிப்பு அடங்கியதும் சந்தேகம் கிளம்பியது.

"உளவு! புன்னகை நிலையம் என்று ஒரு கடை இருக்கிறது. நம் போட்டியாளர்கள். நம் சிந்தனை சுடச்சுட வெளியானதும் அதைத் தூக்கிப் போவதற்கு இங்கே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். யார் என்பதும் நமக்குத் தெரியும். வரவேற்பறையில் இருக்கிறாளே, அந்தப் பெண். போன வருடம்தான் அங்கிருந்து இங்கே வந்தாள். இன்று மாலை நிர்வாகக் குழு கூடுகிறது. உளவு பார்த்தாள் என்று தீர்மானம் போட்டு அவளை நீக்கப் போகிறோம். நீங்கள் ஆதாரத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும்."

"ஆதாரம் வேற யாரையாவது காட்டினா?"

"காட்டாது" என்றார் தலைவர், ஆதாரமும் தன் சம்பளப் பட்டியலில் இருப்பதுபோல.

அண்ணி எழுந்தாள். கதவருகே நின்று, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "உங்க ஆளுங்க எப்பவுமே இப்படித்தானா சார்? சத்தமே காணோம்!"

"நாம் எப்போது இறங்கினாலும் இதே ஒழுக்கம்தான். டீ நேரத்தில் மட்டும் கொஞ்சம் பிசகும். போன வாரம் டீ நேரத்தில் இறங்கினோம். கணக்காளர் மேசைமேல் ஏறி நின்று ஏதோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்."

"என்ன நடிச்சார்?"

"புரியவில்லை. கன்னத்தில் கை வைத்திருந்தார்."

சில்லறை அவசரமாக வெளியே போய், படிக்கட்டுத் திருப்பத்துப் படத்தின் முன்னால் நின்று, குலுங்கி முடித்தான்.

கீழே இறங்கியபோது வரவேற்பறைப் பெண் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தக் கட்டடத்தில் அவர்கள் பார்த்த முதல் புன்னகை.

"என்னைத்தான் பிடிக்க வந்திருக்கீங்களாமே" என்றாள், நாற்காலியை நகர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு. "மாடியில பேசினா கீழே கேக்கும் மேடம். அவர் குரல் அப்படி."

"பயமா இல்லையா?"

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். 'வேவு பார்த்தவ'ன்னு தீர்மானம் போட்டு அனுப்பினா, அப்புறம் எவன் மேடம் என்னை வாசல்ல உட்கார வெப்பான்? நான் எந்தச் சிந்தனையையும் திருடலை. அதைத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்?"

கடைசி வாக்கியத்தில் பொய்யே இருக்க முடியாது என்று சில்லறைக்குத் தோன்றியது. அந்தச் சிந்தனைகளில் இரண்டை அவன் படித்திருந்தான்.

தரைத் தளத்தின் மூலையில், வயர்களுக்கு நடுவே, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார் நெட்வொர்க்காரர்.

"எந்த கம்ப்யூட்டர்லேர்ந்து பார்க்கறாங்கன்னு..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"தெரியாது மேடம்" என்றார் அவர். கேள்வி முடியவே இல்லை, பதில் வந்து நின்றது. "வெளியிலேர்ந்து பார்த்தா இந்தக் கட்டடத்துக்கே ஒரே முகவரிதான். ரிசப்ஷனா இருக்கலாம். நானா இருக்கலாம். பெரியவரே தன்னைத்தானே பார்த்துட்டு இருக்கலாம்."

"அதுக்குத்தான் கண்ணாடி இருக்கே" என்றான் சில்லறை.

அண்ணி சிரிக்கவில்லை. "வருகைப் பதிவைத் திரையில போடுங்க. போட்டுட்டு, நீங்க ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறங்க."

அவர் திறந்தார். பதிவில் சரசரவென்று வரிகள் இறங்கின.

"ஒரு தடவை திறந்ததுக்கா இத்தனை வரி?"

"பக்கத்துக்கு ஒரு வரி மேடம். அப்புறம் அதுல இருக்கற ஒவ்வொரு படத்தையும் பிரவுசர் தனித்தனியா கேட்டு வாங்கும். படத்துக்கு ஒரு வரி. பெரியவர் படம்தான் கணக்கு வழக்கு இல்லாம இருக்கே."

"இப்ப நம்ம ஆளைக் காட்டுங்க."

நம்ம ஆளுக்கு ஒரே ஒரு வரி. அரை நிமிடம் கழித்து மறுபடி ஒரே ஒரு வரி. பக்கம் வேண்டும், படம் ஒன்றுகூட வேண்டாம்.

சில்லறை விசிலடித்தான். "இவ்வளவு தீவிரமான ரசிகர், படத்தையே பார்க்கறதில்லையா? ரசனை உள்ள ஆளு அண்ணி."

"இன்னும் பாரு. மத்தவங்க எல்லாம் எந்த பிரவுசர்ல வர்றோம்னு வாசல்லயே பேர் சொல்லிட்டு வர்றாங்க. இவருக்கு அந்த இடம் காலி. அதோட, எவ்வளவு வாங்கிட்டுப் போறார் பாரு. மத்தவங்க முழுப் பக்கத்தையும் வாங்கறாங்க. இவர் தலைப்பகுதியைக் கிள்ளிக்கிட்டு, பாதியிலேயே போனை வெச்சுடறார்."

"படம் பார்க்கறதில்லை, பேர் சொல்றதில்லை, ஆரம்பிச்சதும் எழுந்து போயிடறார். அண்ணி, இது நம்ம அண்ணன். உங்க கல்யாண வீடியோவை அவர் இப்படித்தான் பார்த்தார்."

"உங்க அண்ணனை வீட்டுல பார்த்துக்கறேன்" என்றாள் அண்ணி. "சிந்தனை எல்லாம் பக்கத்தோட அடியில இருக்கு. அதைத் திருட வந்தவன் அங்கே போகாம, மேலேயே நின்னுட்டு ஏன் திரும்பிப் போறான்?"

நெட்வொர்க்காரர் திடீரென்று பிஸ்கட்டில் மிகுந்த அக்கறை காட்டினார்.

சில்லறை திரையில் மூக்கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். "அண்ணி! ஓட்டை! காலைல கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். மத்தியானத்துக்கு அப்புறமும் காணோம். நேத்தும் அதே. முந்தாநாளும் அதே." அவன் தொடையைத் தட்டிக்கொண்டான். "டீ நேரம்! நம்ம ஆளு டீ குடிக்கப் போறான். மேசைமேல ஏறின கணக்காளர்! பிடிச்சாச்சு!"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அவன் படியேறிவிட்டான்.

திரும்பி வந்தபோது ஏறின வேகம் இறங்கியிருந்தது.

"கணக்காளருக்கு டீ ஆகாதாம். நெஞ்செரிச்சலாம்."

"டீ நேரத்துல என்ன பண்ணுவாராம்?"

"நடிப்பாராம்."

அண்ணி படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்தாள். யோசிக்கும்போது அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடுவாள். இப்போது ஜிப் ரயில் மாதிரி ஓடியது.

"டீ நேரத்துல இந்த ஆபீஸ்ல ரெண்டு விஷயம் காணாம போகுது. ஒண்ணு, நம்ம ரசிகர். இன்னொண்ணு?"

"வேலையா?"

"ஒழுக்கம். 'எப்போது இறங்கினாலும் ஒழுக்கம், டீ நேரத்தில் மட்டும் பிசகும்'னு அவரே சொன்னாரே. ரெண்டு பேரும் ஒண்ணா காணாம போய், ஒண்ணா திரும்பி வந்தா என்ன அர்த்தம்?"

"காதல்."

"ரெண்டும் ஒரே ஆளுன்னு அர்த்தம் தம்பி! அந்த ரசிகர்தான் இந்த ஆபீஸோட ஒழுக்கம். அவர் கண்ணு முழிச்சிருக்கற வரைக்கும் இங்கே யாரும் மாட்டறதில்லை." ஜிப் நின்றது. "அவர் டீ குடிக்கப் போகலை. மத்தவங்க டீ குடிக்கறதுக்காக அவர் பட்டினி கிடக்கறார். கெட்டிலைச் செருகறப்ப அவரைப் பிடுங்கிடறாங்க. ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கற இடம் எது?"

டீ போடும் அறை இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அறை என்று பெயர்தான்; நான்கு பேர் நின்றால் ஐந்தாம் ஆள் தும்ம முடியாது. ஓர் அலமாரி, ஒரு மின்கெட்டில், கழுவாத கோப்பைகள், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் கெட்டிலின் வயர் செருகியிருக்கவில்லை. வேறு ஏதோ ஒரு மெல்லிய வயர் செருகியிருந்தது.

சில்லறை அந்த வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனான். வயர் அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, சர்க்கரை டப்பாவைத் தாண்டி, ஒரு பழைய பால்பவுடர் டின்னின் அடியில் போட்ட துளைக்குள் புகுந்தது. மூடியைத் திறந்தான். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் விரல் நகம் மாதிரி ஒரு கருப்புச் சில்லு. அதிலிருந்து கிளம்பிய வயர்கள் ஜன்னல் வழியாக மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் போயின. டின்னின் தலையில் ஒரு குட்டி பல்பு. சிவப்பாக எரிந்தது.

"அண்ணி" என்றான் சில்லறை. "ரசிகர் எடை குறைஞ்சிருக்கார்."

"மூடியை மூடுங்க சார், தூசி படியும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வரவேற்பறைப் பெண். கையைக் கட்டிக்கொண்டு கதவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நெட்வொர்க்காரர், வாயில் பிஸ்கட்டோடு.

"உன்னுடையதா?" என்றாள் அண்ணி.

"நான்தான் செஞ்சேன்."

"நானும் செஞ்சேன்" என்றார் நெட்வொர்க்காரர் விசுவாசமாக.

"இவர் டின் குடுத்தார்" என்றாள் அவள். "மேடம், நான் சேர்ந்தப்ப எனக்கு இங்கே என்ன வேலைன்னு நினைக்கறீங்க? ரிசப்ஷன்னு பேரு. பெரியவர் கார் வாசல்ல நின்னா நான் பின்பக்கப் படியில மூணு மாடியும் ஓடி 'வர்றார், வர்றார்'னு சொல்லணும். அவர் மாடியிலேர்ந்து இறங்கினா திரும்ப ஓடணும். கிளம்பிட்டார்னு சொல்ல இன்னொரு ஓட்டம். முட்டி வீங்கிடுச்சு. எங்கே போறோம், எங்கே வர்றோம்னு மனுஷர் தானே பக்கத்துல போடறாரே, அதைப் படிக்க ஒரு பொடி மைக்ரோகன்ட்ரோலர், அதான் இந்தச் சில்லு, போதுமே, நான் எதுக்கு ஓடணும்னு ஒரு நாள் படியில உட்கார்ந்து யோசிச்சேன்."

"படிச்சுக் காட்டு, பார்க்கலாம்."

அவள் முகத்தில் பயம் போய் வேறொரு வெளிச்சம் வந்தது. டின்னைக் குழந்தை மாதிரி தூக்கினாள்.

"இது வைஃபைல சேர்ந்துக்கும். சேர்ந்ததும் சர்வர் கதவைத் தட்டி, 'அந்தப் பக்கத்தைக் குடு'ன்னு கேக்கும். நாம பிரவுசர்ல கேக்கற அதே கேள்விதான். சர்வர் குடுக்க ஆரம்பிக்கும். ஆனா இதுக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மி மேடம். முழுப் பக்கமும் உள்ளே கொள்ளாது. அதனால எழுத்து எழுத்தா வாங்கி, பார்த்துட்டு, தூக்கிப் போட்டுட்டே போகும். 'தலைவர் இப்போது'ன்னு வந்ததும் நிமிர்ந்து உட்காரும். அடுத்த வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கும். டக்குனு போனை வெச்சுடும்."

"படம்?"

"படத்தை வெச்சு இது என்ன பண்ணும்? இதுக்குக் கண்ணா இருக்கு?"

"குடுத்து வெச்ச ஜென்மம்" என்றான் சில்லறை.

"அலுவலகத்தில்னு இருந்தா சிவப்பு. மக்களிடையேன்னு இருந்தா சிவப்பு கண் சிமிட்டும், இறங்கிட்டார்னு அர்த்தம். புறப்பட்டுவிட்டார்னா பச்சை."

"பச்சைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

அந்தப் பெண்ணும் நெட்வொர்க்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொஞ்சம் மூச்சு விடுவோம் மேடம்" என்றாள் அவள், அடக்கமாக.

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு சில்லறை நினைத்துக்கொண்டான்.

"முதல்ல நொடிக்கு ஒரு தடவை கேக்க வெச்சிருந்தேன். அப்ப கேள்வி தாங்காம வெப்சைட் படுத்துடுச்சு. தன் சிந்தனையோட கனம் தாங்காம விழுந்துடுச்சுன்னு பெரியவர் அதுக்கே ஒரு பாராட்டு விழா நடத்திக்கிட்டார். அப்புறம்தான் அரை நிமிஷமா மாத்தினேன்." அவள் டின்னைக் கீழே வைத்தாள். வெளிச்சம் அணைந்தது. "இப்ப நீங்க மேல போய்ச் சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்லித்தான் ஆகணும். உளவு இல்லை, ஆனா பார்த்தது நீதான். நான் பொய் சொல்றதில்லை."

"அண்ணி!" என்றான் சில்லறை. "நாம கண்டுபிடிக்கலைன்னு சொல்லிடலாம். நமக்கு அது ஒண்ணும் புதுசில்லையே!"

"கண்டுபிடிக்கலைன்னு சொன்னா இவதான்னு அவரே தீர்மானம் போட்டுடுவார். பொய்யும் உதவாது, சும்மா இருந்தாலும் உதவாது." அண்ணி கோப்பைகளை வெறித்தாள். ஜிப் ஒரு தடவை திறந்தது; ஒரு தடவை மூடியது. "உண்மையைத்தான் பரிமாறணும். எந்தத் தட்டுல வைக்கறோம்ங்கறது நம்ம இஷ்டம்."

மாலை. மூன்றாம் மாடியில் நிர்வாகக் குழு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. குழு என்றால் மூன்று பேர். எதற்கும் தலையாட்டும் ஒரு தொழிலதிபர், அவர் ஆட்டி முடித்ததும் ஆட்டும் ஒரு பேராசிரியர், எதற்கும் ஆட்டாத ஒரு முன்னாள் நீதிபதி. நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அப்படிப் பார்த்துப் பார்த்தே பலரைச் சிறைக்கு அனுப்பியிருப்பார் போலிருந்தது. தலைவரின் கையில் தட்டச்சு செய்த தீர்மானம். வரவேற்பறைப் பெண் கதவோரம் நின்றாள்.

"குற்றவாளி இவள்தானே?" என்றார் தலைவர்.

"இவங்கதான் சார்" என்றாள் அண்ணி.

சில்லறை அண்ணியின் கைப்பையைப் பிடித்து இழுத்தான்.

"இந்தக் கட்டடத்துல இருக்கறவங்களுக்கு" என்று அண்ணி நிதானமாகத் தொடர்ந்தாள், "நீங்க எங்கே இருக்கீங்கன்னு தெரியாம ஒரு நிமிஷம்கூட இருப்புக்கொள்ளலை சார். அது தெரிஞ்சாத்தான் அவங்களால உட்காரவே முடியுது."

தலைவரின் கையிலிருந்த காகிதம் சற்றே தாழ்ந்தது. "என்ன சொன்னீர்கள்?"

"வந்துட்டீங்களான்னு தவிக்கறாங்க. கிளம்பிட்டீங்களான்னு தவிக்கறாங்க. இவங்க அதைப் பார்க்கச் சகிக்காம ஒரு கருவியைச் செஞ்சிருக்காங்க. உங்க பக்கத்துல மத்ததையெல்லாம் விட்டுட்டு, 'தலைவர் இப்போது' அப்படிங்கற அந்த ஒரு வரியை மட்டும் அது நாள் பூரா படிச்சுக்கிட்டே இருக்கு. படிச்சு, எல்லா மாடியிலும் விளக்குப் போட்டுச் சொல்லுது."

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சில்லறை தன் அண்ணியை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"நமக்காக... விளக்கு?" என்றார் தலைவர், மேடைக் குரலையும் மறந்து.

"சிவப்பு விளக்கு சார்" என்றான் சில்லறை.

தொழிலதிபர் தலையாட்டினார். பேராசிரியர் ஆட்டினார். நீதிபதி ஆட்டவில்லை.

"விளக்கு எரிந்தால் ஊழியர்கள் என்ன செய்வார்கள்?" என்றார், கண்ணாடிக்கு மேலாக.

"அவங்கவங்க இடத்துல போய் உட்கார்ந்து வேலை பார்ப்பாங்கம்மா."

"இப்போது நாங்கள் ஏறி வந்த வழியில் பார்த்தேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விளக்கு வேறு நிறமானால்?"

அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். அவளிடம் அதற்கு உண்மை இல்லை; அந்தப் பெண் அடக்கமாகச் சொன்ன மூச்சு மட்டும்தான் இருந்தது.

"நேரிலேயே பார்த்துவிடுவோமே!" என்றார் தலைவர் துள்ளி எழுந்து. "தீர்மானம் அப்புறம். நமக்கு ஏற்றிய விளக்கை நாம் பார்க்க வேண்டாமா?"

வரவேற்பறைப் பெண்ணின் முகம் வெள்ளைக் காகிதமாயிற்று. அவள் அண்ணியைப் பார்த்து மெல்ல, மிக மெல்ல, தலையை இடம் வலமாக அசைத்தாள். தலைவர் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

டீ போடும் அறைக்குள் நிர்வாகக் குழு நுழைந்த காட்சியை இரண்டாம் மாடி ஊழியர்கள் கண்ணாடி வழியாக மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தொழிலதிபரின் வயிறு முதலில் போயிற்று. பேராசிரியர் அலமாரிக்கும் அதற்கும் நடுவே பக்கவாட்டில் செருகப்பட்டார். நீதிபதி கழுவாத கோப்பைகளின் பக்கம் நின்று அவற்றுக்கும் தண்டனை யோசித்தார். சில்லறை கெட்டிலைக் கட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கினான். நடுவே தலைவர், பால்பவுடர் டின்னின் எதிரில், தன் சிலைத் திறப்பு விழாவுக்கு வந்தவர்போல.

டின் சிவப்பாக எரிந்தது.

"இது நாம்" என்றார் தலைவர், பரவசமாக. "இப்போது நாம் இல்லாவிட்டால்?" என்று கைபேசியை எடுத்தார்.

"வேண்டாம் சார்!" என்றாள் வரவேற்பறைப் பெண். "அதாவது... அவங்க மனசு..."

தலைவர் அழுத்திவிட்டார். 'புறப்பட்டுவிட்டார்.'

ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு.

"பழுதோ?" என்றார் பேராசிரியர், அலமாரியிடம்.

"அடுத்த தடவை கேக்கறப்பதான் சார் தெரியும்" என்றாள் அவள், அழுகிற குரலில். "அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கேக்கும்."

காத்திருந்தார்கள். தொழிலதிபரின் வயிறு ஏறி இறங்கியது. அதோடு பேராசிரியரும் ஏறி இறங்கினார். எங்கோ ஒரு சர்வரின் கதவை ஒரு பொடிப் பலகை தட்டியது. எழுத்து எழுத்தாக வாங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தது.

பச்சை.

முதலில் மேல்மாடியில் ஒரு நாற்காலி உருண்டது. பிறகு பத்து நாற்காலி உருண்டன. யாரோ "போயாச்சுடோய்!" என்று கத்தியது தெளிவாகக் கேட்டது. தொடர்ந்து தரை அதிர்ந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து நீதிபதியின் தோளில் விழுந்தது. கீழ்த்தளத்திலிருந்து யாரோ மேசையில் தாளம் போட, இன்னொருவர் அதற்குத் தொண்டை கிழியப் பாட, ஒரு கூட்டம் கைதட்டியது. விசில். அதற்கு மேல்மாடியிலிருந்து பதில் விசில். எவரோ நடித்துக் காட்ட, கட்டடமே வெடித்துச் சிரித்தது. கணக்காளர் நெஞ்செரிச்சலை மறந்து மேசையேறிவிட்டார் என்று சில்லறை யூகித்தான். மகிழ்ச்சியைப் பற்றி மூன்று தொகுதிகளிலும் சொல்லாத அத்தனையும் கூரை வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், இரண்டாம் மாடி ஊழியர்கள் மட்டும் தலைவரைக் கண்ணெதிரே பார்த்தபடி, கல்லாய்ச் சமைந்து, மற்ற மாடிகளுக்காக மனத்துக்குள் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

டீ போடும் அறைக்குள், வரவேற்பறைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணியின் கைப்பை ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

தலைவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பச்சையைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது.

"பாவம்!" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நாம் போய்விட்டோம் என்ற துக்கத்தை ஆடிப் பாடி மறக்கப் பார்க்கிறார்கள். கேளுங்கள், எப்படிக் கதறுகிறார்கள்! நம் இரண்டாம் தொகுதியில் எழுதியிருக்கிறோம், பெருந்துயரம் சிரிப்பாக வெளிப்படும் என்று. அன்று யாரும் நம்பவில்லை." அவர் கையிலிருந்த தீர்மானத்தை இரண்டாகக் கிழித்தார், போதாமல் நான்காகக் கிழித்தார். "இவர்களுடைய வேதனை தெரிந்த ஒரே பெண் இவள். இவளையா நீக்குவது? எல்லா அறையிலும் விளக்குப் போடு, அம்மா. நம் செலவு."

தொழிலதிபர் தலையாட்டினார். பேராசிரியர் ஆட்டினார். நீதிபதியும், கைக்குட்டையை எடுக்காமலே, பலமாக ஆட்டினார்.

வரவேற்பறைப் பெண் கண்ணைத் திறந்து, கிழிந்த காகிதத்தைப் பார்த்து, கெட்டிலோடு சேர்த்துச் சில்லறையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் சிரிப்பு கொட்டிவிடும்.

மேலே ஆட்டம் உச்சத்துக்குப் போயிருந்தது. தலைவர் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு அவரால் தாங்க முடியவில்லை.

"போதும், போதும். பாவம், இன்னும் எத்தனை நேரம்தான் தவிப்பார்கள்!" என்று கைபேசியில் 'அலுவலகத்தில்' என்று அழுத்தினார்.

காத்திருந்தார்கள். டின் மறுபடி ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டது. சிவப்பு எரிந்தது.

பாட்டு நடு வரியில் அறுந்தது. ஒரு விசில் பாதியில் விழுங்கப்பட்டது. நாற்காலிகள் உருண்டு இடத்துக்கு வந்தன. மேல்மாடி, கீழ்த்தளம், எங்கும் ஒரு குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி.

தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டு குழுவின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீர்களா," என்றார், "எவ்வளவு நிம்மதி!"